காயில் – கம்பிச்சுருள்: ஒரு சொல் விளக்கம்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் விவசாயம் பார்க்கும் வீடுகளில் ‘காயில்’ என்ற சொல் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போர்வெல் மோட்டார் நின்றுபோனால் முதலில் வரும் பேச்சே “காயில் போயிடுச்சா?” என்பதுதான். மோட்டாரை மேலே தூக்கி, டவுனுக்குக் கொண்டுபோய், வைண்டிங் கடையில் காயில் கட்டிக்கொண்டு வருவார்கள். பள்ளிப் புத்தகமோ அதே பொருளைக் ‘கம்பிச்சுருள்’ என்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு சின்ன மின்னாக்கி (ஜெனரேட்டர்) செய்ய உட்கார்ந்தபோது, “மாமா, சார்ட்ல காயில்னு எழுதட்டா, கம்பிச்சுருள்னு எழுதட்டா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் குறிப்பு.

காயில் ஆங்கிலச் சொல். லத்தீனில் ‘ஒன்றாகச் சேர்த்தல்’ என்று பொருள்படும் ஒரு வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் இப்படி ஆனது. கயிற்றை வட்டம் வட்டமாக அடுக்கி வைப்பதற்கு அதைச் சொல்லத் தொடங்கி, பிறகு கம்பிக்கும் வந்தது. நாம் மனு கொடுக்கப் போகும் கலெக்டர் ஆபீஸின் ‘கலெக்டர்’ என்ற சொல்லும் அதே லத்தீன் வேரில் பிறந்ததுதான். ஆக, காயில் என்பதன் அடியில் இருப்பது ‘சேர்ப்பது’ என்ற எண்ணம். வளைவு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழ்ச் சொல் நேரே வடிவத்தைப் பிடிக்கிறது. சுருள் என்பது வினையாகவும் வரும், பெயராகவும் வரும். இலை தானே சுருளும். நாம் பாயைச் சுருட்டுவோம். ஓலைச் சுருள், வெற்றிலைச் சுருள், கொசுவர்த்திச் சுருள் என்று வீட்டிலேயே எத்தனை சுருள்கள்! புகையிலைச் சுருட்டுதான் ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆனது. சொல் கொடுத்த மொழி நம்முடையது, இந்த இடத்தில் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு வசதி உண்டு. ஓசூர், தளிப் பக்கம் போனால் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். கன்னடத்தில் இது ‘சுருளி’. நாம் சுற்று என்பதைக் கன்னடத்தார் ‘சுத்து’ என்பார்கள், தெலுங்கில் ‘சுட்டு’. நம் பேச்சிலும் அது சுத்துதானே! மூன்று வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து கம்பி சுற்றினால், சொல்லுக்காக யாரும் தடுமாற வேண்டியதில்லை.

சுருளையும் சுற்றையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். சுருள் என்பது முழுப் பொருள். சுற்று என்பது எண்ணிக்கை. ‘600 சுற்றுள்ள சுருள்’ என்று எழுதினால் குழப்பமே இல்லை. கம்பி வாங்கப் போன கடையிலும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை சுத்து போடப் போறீங்க?” என்பதுதான்.

நாங்கள் வாங்கியது 36 கேஜ் எனாமல் கம்பி. தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் ஒரு இழை குறைவு. அரை இஞ்ச் பிவிசி குழாய்த் துண்டின் நடுவில் ஒரு இஞ்ச் இடம் விட்டு, இரண்டு பக்கமும் அட்டை வளையம் ஒட்டி, சுற்ற ஆரம்பித்தோம். ஒரு அடுக்குக்கு நூற்றுச் சொச்சம் சுற்று. 50 ஆனதும் ஒரு கோடு, மறுபடி 50, மறுபடி கோடு என்று பிள்ளை நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். 600 முடித்து, மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓம் நிலையில் வைத்து இரண்டு முனையையும் தொட்டால், திரையில் இடது ஓரத்தில் ஒற்றை ‘1’ மட்டும் நிற்கிறது. அதாவது இணைப்பே இல்லை. எங்கேயோ கம்பி அறுந்துவிட்டது என்று அவள் முகம் வாடிப்போனது. அறுந்திருக்கவில்லை. முனையில் எனாமலைச் சுரண்டவில்லை, அவ்வளவுதான். உப்புத்தாளை மடித்து அதற்குள் முனையை வைத்து நாலு இழுப்பு இழுத்ததும் செம்பு பளிச்சென்று தெரிந்தது. மீட்டர் 25 ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது.

எனாமல் என்பது இங்கே மின்காப்புப் பூச்சு. அது இல்லாவிட்டால் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு, மின்னோட்டம் 600 சுற்றையும் சுற்றாமல் குறுக்கே போய்விடும். 1831இல் மைக்கேல் ஃபாரடே இரும்பு வளையத்தில் கம்பி சுற்றியபோது இந்தப் பூச்சுக் கம்பி கிடையாது. நூலையும் துணியையும் இடையில் வைத்துத்தான் சுற்றினார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்குப் பட்டு சுற்றினார். தருமபுரியில் பட்டுக்கூடு ஏலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொன்னபோது கண் விரிந்தது.

குழாய்க்குள் காந்தத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் அடைத்து, வேகமாகக் குலுக்கினால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். ஒரு சிவப்பு எல்இடி எரிய இரண்டு வோல்ட் அளவுக்கு வேண்டும். மெதுவாக ஆட்டினால் எரியாது. அப்புறம், இரண்டு எல்இடிகளை எதிரெதிராகத் திருப்பி இணைத்தோம். காந்தம் உள்ளே நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது மற்றொன்று என்று மாறி மாறி மின்னின. மாறுதிசை மின்னோட்டம் என்ற நீளமான சொல்லை அவள் அதற்குப் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டி வரவே இல்லை.

இந்த நிகழ்ச்சிக்கு மின்காந்தத் தூண்டல் என்று பெயர். தூண்டலுக்கான ‘இண்டக்சன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு ‘உள்ளே நடத்திச் செல்லுதல்’ என்று பொருள். தமிழில் தூண்டல் என்று வைத்தவர் யாராக இருந்தாலும் அவரைக் கும்பிட வேண்டும். விளக்குத் திரியைத் தூண்டுகிறோம். எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது, நாம் செய்வது ஒரு அசைவு. செம்புக் கம்பிக்குள்ளும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே இருக்கின்றன. காந்தத்தின் அசைவு அவற்றைத் தூண்டி ஓட வைக்கிறது. காந்தம் சும்மா கிடந்தால் ஒன்றும் நடக்காது. சுருள் தானாகவே மின்சாரம் உண்டாக்கும் என்று காட்டும் வீடியோக்களைப் பிள்ளைகள் நம்பாமலிருக்க, இந்த ஒரு சொல்லை ஒழுங்காக விளக்கினாலே போதும். ஆற்றல் குலுக்கும் கையிலிருந்து வருகிறது.

வரிச்சுருள் என்ற சொல்லையும் சிலர் இதற்குப் போடுகிறார்கள். அது நீளமாக, நெருக்கமாகச் சுற்றிய உருளைச் சுருளுக்கு மட்டும் உரிய பெயர், ஆங்கிலத்தில் சொலினாய்டு. எல்லா வரிச்சுருளும் கம்பிச்சுருள்தான், எல்லாக் கம்பிச்சுருளும் வரிச்சுருள் இல்லை. மோட்டாருக்குள் இருப்பதை வரிச்சுருள் என்றால் தப்பு.

சரி, சார்ட்டில் என்ன எழுதுவது? முதல் முறை ‘கம்பிச்சுருள்’, பிறகு வெறும் ‘சுருள்’ போதும் என்றேன். வினைக்கு ‘சுற்றுதல்’. கடைக்காரர்கள் சொல்லும் ‘கட்டுதல்’ கூட நல்ல தமிழ்தான். ‘சுருள் கட்டுகிறோம்’ என்று எழுதினால் மோட்டார் தூக்கி அலைந்த ஒவ்வொரு அப்பாவுக்கும் உடனே புரியும். அவள் ‘சுருள் – 600 சுற்று – 36 கேஜ் செப்புக் கம்பி’ என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் ‘(நம்ம ஊர் காயில்)’ என்று சேர்த்துக்கொண்டாள். அதை நான் அடிக்கச் சொல்லவில்லை.