பழைய அமெரிக்கக் காருக்கு ஒரிஜினல் வீல் தேடுகிறீர்களா? வால்வுத் துளையைப் பாருங்கள்

பழைய அமெரிக்கக் கார்களைச் சீரமைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். 'நாலு ஒரிஜினல் ராலி வீல் (செவ்ரோலே கார்களில் வந்த இரும்பு வீல்) கிடைக்கிறது, வாங்கலாமா?' என்று படம் அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வீலின் விளிம்பை மூடுகிற பளபளக்கும் வளையமான டிரிம் ரிங்கைக் கழற்றச் சொல்லி, காற்றடிக்கும் வால்வுத் துளைக்கு இருபுறமும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்.

செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டையே எடுத்துக்கொள்வோம். 1967இல் வந்த ராலி வீல் 15 அங்குல விட்டம், 6 அங்குல அகலம்; துளையின் ஒரு பக்கத்தில் 'டிசி' என்று பொறித்திருக்கும். 1968இல் அகலம் 7 அங்குலம், குறி 'ஏஜி'. 1969 முதல் 8 அங்குலம், 'ஏஇசட்'. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். துளையின் மறுபக்கத்தில் 'கே 1 9 4 12' என்பதுபோல ஒரு வரிசை. கே என்றால் தயாரித்த கெல்சி ஹேய்ஸ், 1 என்றால் செவ்ரோலே, 9 என்பது 1969, அப்புறம் மாதமும் நாளும். அதாவது ஏப்ரல் 12. உங்கள் கார் அந்த மார்ச் மாதமே ஆலையை விட்டு வெளியே வந்திருந்தால், அந்த வீல் அதோடு வந்ததில்லை.

குறி இருந்தாலும் முழுதாக நம்ப வேண்டாம். எழுத்துப் பொறிக்கும் அச்சு கடையில் கிடைக்கிறது. கையால் அடித்த எழுத்து ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் விழும், வரிசையும் கோணும். பவுடர் கோட்டிங் தடிமனாகப் பூசி எழுத்தே தெரியாமல் விற்கிறார்களா? நான் விலையைக் குறைத்துக் கேட்க மாட்டேன், வாங்கவே மாட்டேன். துருப்பிடித்திருந்தாலும் பழைய பெயின்டோடு இருக்கிற வீல்தான் எனக்குப் பிடிக்கும்.

அகலத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு. பல நேரம் விற்பவருக்கே தெரியாமல் நடப்பது. ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து விளிம்புக்கு டேப் பிடித்தால் ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதலாகக் காட்டும். டயரின் இரு ஓரங்களும் உட்காரும் இடங்களுக்கு இடையே உள்ளதுதான் கணக்கு. 7 அங்குல வீல் 8 என்று விலைபோவது இப்படித்தான்.

போல்ட் வட்டத்தையும், அதாவது போல்ட் துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டத்தையும் அளந்துவிடுங்கள். கார்வெட்டுக்கு 4.75 அங்குலம், ஐந்து துளை ஃபோர்டு மஸ்டாங்குக்கு 4.5. கால் அங்குலம்தானே என்று இழுத்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடுகிற காரில் வீல் கழன்றுபோகும், விளையாட்டில்லை.

ஃபோர்டு மாடல் ஏ கார் வைத்திருக்கிறவர்களுக்கு இவ்வளவு சிரமமில்லை: 1928, 29 என்றால் 21 அங்குல வீல், 1930, 31 என்றால் 19.

எங்கே தேடுவது? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கூடும் பழைய கார், உதிரிபாகச் சந்தைகளில்: அக்டோபரில் நடக்கும் ஹெர்ஷி சந்தை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூடும் கார்லைல் சந்தை. இணையத்தில் படம் பார்த்து வாங்குவதைவிட இங்கே கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது மேல். டேப்பும் டார்ச்சும் கொண்டுபோங்கள். நட் துளைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, சுற்றிலும் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். டயரோடு விற்றால் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துருவும் வெல்டிங் ஒட்டும் பெரும்பாலும் உள்பக்கம்தான் இருக்கும். கழற்ற மறுத்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுங்கள்.