ரேடியேட்டர் ஹோஸ் எப்போது நசுங்குகிறது?

இரவில் நிறுத்திய காரின் பானெட்டைக் காலையில் திறந்தால், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் தட்டையாக ஒட்டிக்கிடப்பதைச் சில வேளைகளில் காணலாம். ரப்பர் நைந்துவிட்டது என்று முடிவுகட்டி ஹோஸை மட்டும் மாற்றினால், புதிய ஹோஸும் அவ்வாறே நசுங்க வாய்ப்பு உண்டு. ஏனெனில் பெரும்பாலும் பழுது இருப்பது ரேடியேட்டர் மூடியில்.

அந்த மூடிக்குள் இரண்டு வால்வுகள் உள்ளன. பெரிய வால்வு, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூடேறி விரியும்போது உண்டாகும் அழுத்தத்தை உள்ளேயே நிறுத்திவைத்து, மூடியில் பொறித்துள்ள அளவை (பல கார்களில் 0.9 அல்லது 1.1 பார்) தாண்டும்போது மட்டும் மிகுதியை ரிசர்வ் டேங்குக்கு அனுப்புகிறது. இந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். எஞ்சின் ஆறும்போது நிலைமை தலைகீழாகிறது. 100 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கும் தண்ணீரின் கன அளவு சுமார் 4 சதவீதம் சுருங்குகிறது; 6 லிட்டர் கொள்ளும் அமைப்பில் இது ஏறக்குறைய கால் லிட்டர். மூடியின் நடுவிலுள்ள சிறிய வால்வு உள்நோக்கித் திறந்து, ரிசர்வ் டேங்கிலிருந்து அந்தக் கால் லிட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். துருவோ உப்புப் படிவோ அதை இறுக்கிவிட்டாலும், டேங்குக்குச் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டாலும் உள்ளே வெற்றிடம் உருவாகிறது. வெளிக் காற்றின் அழுத்தம் அமைப்பிலேயே மென்மையான பகுதியான ஹோஸை நசுக்குகிறது. (டேங்க் வெறுமையாக இருந்தால் ஹோஸ் நசுங்காது, ஆனால் காற்று உள்ளே புகுந்துவிடும், அது வேறு தொல்லை.)

வண்டி ஓடும்போது நசுங்குவது பெரும்பாலும் கீழ் ஹோஸ். வாட்டர் பம்ப் அதன் வழியாகத்தான் கூலன்டை இழுக்கிறது. ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைத்திருந்தால், வேகம் கூடும்போது பம்ப் கேட்கும் அளவுக்கு வரத்து இல்லாமல், அதன் வாயிலில் அழுத்தம் சரிகிறது. எண்ணெய் பட்டு ஊறி மென்மையான ஹோஸ் அந்த இழுப்பைத் தாங்காது. எஞ்சின் வேகம் தணிந்தவுடன் ஹோஸ் பழைய வடிவுக்கு வந்துவிடுவதால், நின்ற இடத்தில் மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பவருக்குக் குறை தெரியாது; நெடுஞ்சாலையில் மட்டும் வெப்பமானி ஏறுகிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். சில வண்டிகளில் கீழ் ஹோஸுக்குள் சுருள் ஸ்பிரிங் இருக்கும். ஹோஸ் மாற்றும்போது அதைத் தவறவிடக் கூடாது. ஆயினும் அடைத்த ரேடியேட்டருக்கு ஸ்பிரிங் மருந்தாகாது.

இங்கேயும் மூடிக்குப் பங்கு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூடி அழுத்தத்தைத் தக்கவைத்திருக்கும் வரை, பம்ப் இழுத்தாலும் கீழ் ஹோஸின் உள்ளழுத்தம் எளிதில் வெளிக்காற்றினும் தாழ்வதில்லை. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் கசிந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

ஆகவே ஹோஸை விலைக்கு வாங்குமுன், எஞ்சின் முற்றிலும் ஆறியபின் மூடியைக் கழற்றி, நடுவால்வை விரலால் மெல்ல இழுத்து, அது தடையின்றித் திறந்து மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றுவதானால் அதே அழுத்த அளவுள்ள மூடியையே போட வேண்டும். கூடுதல் அளவுள்ளதைப் போட்டால் ரேடியேட்டர் தொட்டியின் இணைப்புகள் பிளக்கக்கூடும்.