கொறடா: சொல் விளக்கம்

புதுச்சேரி சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு என்று செய்தி வந்தால் போதும், பாரதி பூங்கா பக்கத்து டீக்கடை வரைக்கும் ஒரு சொல் புழங்கும். "கொறடா உத்தரவு போட்டாச்சா?"

கொறடா என்பவர் ஒரு கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களை அவைக்கு வரவழைத்து, கட்சி சொல்கிறபடி வாக்களிக்க வைக்கும் பொறுப்பில் இருக்கிறவர். அவரும் ஒரு எம்.எல்.ஏ.தான். அவர் எழுத்தில் தரும் கட்டளைதான் கொறடா உத்தரவு. ஆங்கிலத்தில் ஆளுக்கும் தாளுக்கும் சேர்த்து 'விப்' என்ற ஒரே சொல். இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். தமிழ் 'உத்தரவு' என்று ஒரு சொல்லைச் சேர்த்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது.

விப் என்றால் சாட்டை. இங்கிலாந்தில் நரி வேட்டைக்குப் போகும்போது, கூட்டத்தை விட்டு விலகி ஓடும் வேட்டை நாய்களைச் சாட்டையைச் சொடுக்கித் திரும்பக் கொண்டுவர ஒரு ஆள் இருப்பார். அவருக்கு 'விப்பர்-இன்' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பேச்சு லண்டன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அங்கே உறுப்பினருக்கு அனுப்பும் தாளில் வாக்கெடுப்பு எவ்வளவு முக்கியமோ அதற்கேற்ப அடிக்கோடு போடுவார்கள். ஒரு கோடு என்றால் வந்தால் நல்லது, மூன்று கோடு என்றால் வந்தே ஆக வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆளை வேட்டை நாயோடு சேர்த்துப் பேசும் சொல் இது என்பதை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சரி, போகட்டும்.

நம் கொறடாவும் சாட்டைதான், குதிரைச் சாட்டை. தெலுங்கில் 'கொரடா', மராத்தியில் 'கோரடா', இந்தி, உருதுவில் 'கோடா'. வடக்கிலிருந்து இறங்கி வந்த சொல் என்று இதைக் கொள்வதுதான் பொருத்தம். புதுச்சேரிக்கு இதில் ஒரு சுவை உண்டு. ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டான ஏனாமில் தெலுங்கு பேசுகிறவர்களிடம் கொரடா என்றால் இன்றைக்கும் கண்முன் சாட்டை வந்து நிற்கும். இங்கே தமிழ் பேசுகிற நமக்கு வேட்டி கட்டிய ஒரு எம்.எல்.ஏ. வருகிறார். சாட்டை என்ற பொருள் தமிழில் அநேகமாக உதிர்ந்துபோய் பதவி மட்டும் நின்றுவிட்டது. இடுக்கியைக் குறிக்கும் 'குறடு' என்ற சொல்லிலிருந்து, பிடித்து வைப்பவர் என்ற பொருளில் வந்ததாகச் சிலர் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒலி ஒற்றுமைக்கு மேல் அதில் எதுவும் இல்லை.

சாட்டைக்குத் தமிழில் பஞ்சமா என்ன? சங்க இலக்கியத்திலேயே 'மத்திகை' இருக்கிறது. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர்கள் அதை வைத்திருக்கிறார்கள். 'கசை' வடமொழி வழி வந்தது, 'சவுக்கு' பாரசீகத்திலிருந்து வந்தது. 'சாட்டை' நம் கையில் எப்போதும் இருக்கிற சொல். மாட்டு வண்டிக்கும் சாட்டை, பம்பரம் சுற்றும் கயிறும் சாட்டை. ஒருவேளை அவ்வளவு பழகிய சொல் என்பதால்தான் பதவிக்கு அது ஒட்டவில்லை. "அரசு சாட்டை இன்று பேட்டி அளித்தார்" என்று படித்துப் பாருங்கள், சிரிப்பு வந்துவிடும்.

இனி, இந்தச் சாட்டைக்கு வலு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. அதுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சி தரும் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலோ, முன் அனுமதி வாங்காமல் வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகும். 15 நாளுக்குள் கட்சியே மன்னித்துவிட்டால் தப்பலாம். முடிவு சொல்வது சபாநாயகர். அந்த அட்டவணையில் விப் என்ற சொல்லே கிடையாது. கட்டளை என்ற பொருள் தரும் சொல்தான் இருக்கிறது. பின்னால் வழக்கு என்று வந்தால் முதலில் எழும் கேள்வி, அந்தத் தாள் உறுப்பினர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது. அதனால்தான் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆள் சிக்கவில்லை என்றால் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வருகிறார்கள்.

கொறடாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு, புகார் கொடுப்பது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு 2019 நினைவிருக்கலாம். அதிமுக கொறடாவாக இருந்த அரியலூர் எஸ். ராஜேந்திரன், டி.டி.வி. தினகரன் பக்கம் சாய்ந்ததாக மூன்று கட்சி எம்.எல்.ஏ.க்கள் மீது சபாநாயகரிடம் புகார் கொடுத்தார். அதில் ஒருவர் விருத்தாசலம் வி.டி. கலைச்செல்வன். நோட்டீஸ் வந்ததும் அவர் உச்ச நீதிமன்றம் போனார், தடை கிடைத்தது. பிற்பாடு அவர் அப்போதைய முதல்வர் பழனிசாமி பக்கமே திரும்பிவிட்டார்.

இந்தச் சாட்டை எது வரைக்கும் நீளும் என்பதைப் புதுச்சேரியை விட நன்றாகக் காட்டிய ஊர் இல்லை. 2021 ஜனவரி, பிப்ரவரியில் காங்கிரஸ் முதல்வர் நாராயணசாமி அரசின் பக்கம் இருந்த எம்.எல்.ஏ.க்கள் ஆறு பேர் ஒவ்வொருவராகப் பதவி விலகினார்கள். கடைசி இருவர் விலகியது நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முந்தைய நாள். அவர்களில் யாரும் கொறடா உத்தரவை மீறவில்லை. மீறுவதற்கு அவையில் இருந்தால்தானே? கட்டளையை மீறினால் சட்டம் பிடிக்கும், எம்.எல்.ஏ. பதவியையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவரைக் கொறடா என்ன செய்ய முடியும்? ஏற்கெனவே 2020இல் பாகூர் காங்கிரஸ் எம்.எல்.ஏ. தனவேலு தகுதி நீக்கம் செய்யப்பட்டிருந்தார். 30 தேர்வு பெற்ற உறுப்பினர், 3 நியமன உறுப்பினர் என்று 33 பேர் இருக்க வேண்டிய அவை 26 ஆகச் சுருங்கியது. பிப்ரவரி 22 அன்று ஆளும் தரப்பில் 12 பேர், எதிரே நியமன உறுப்பினர் மூவரையும் சேர்த்து 14 பேர். முதல்வர் பேசி முடித்து வெளியேற, தீர்மானம் தோற்றது. நியமன உறுப்பினர்களுக்கு வாக்குரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லியிருந்தது.

குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது. சுயேச்சைகளுக்குக் கட்சி இல்லை, ஆகவே கொறடாவும் இல்லை. 2021 தேர்தலில் புதுச்சேரியில் சுயேச்சைகள் மட்டும் ஆறு பேர் ஜெயித்தார்கள். 30 தொகுதியில் ஆறு என்றால் அவர்களுக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? ஆளைப் பொறுத்தவரை கொறடாவை மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். பத்திரிகையும் சட்டமன்றமும் ஏற்றுக்கொண்ட சொல், மூன்றெழுத்துதான். வேர் தமிழ் இல்லை என்றாலும் வேட்டை நாய் வாடை போய்விட்டது. தூய தமிழ்தான் வேண்டும் என்றால் 'அவை ஒழுங்காளர்' என்று எழுதலாம். ஆனால் படிக்கிறவர் அவையில் அமைதி காக்க நிற்கும் காவலரை நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. உத்தரவுக்கு மட்டும் 'வாக்குக் கட்டளை' என்று எழுதிப் பார்க்கலாம். சட்டம் சொல்வதும் கட்டளையைத்தான், யாருக்கு எதற்காக என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. கொறடாவுக்குப் பெண்பால் தேடி அலைய வேண்டாம், இருபாலுக்கும் அதே சொல்தான். எழுதும்போது வல்லின 'ற' போடுங்கள். கொரடா என்று எழுதினால் ஏனாம்காரர்கள் நிஜச் சாட்டையைத் தேடுவார்கள்.