தள்ளுவண்டியைத் தூக்க லாரி வந்தால் கேட்க வேண்டியவை

நடைபாதை சீரமைப்பு, வடிகால் பணி, ஸ்மார்ட் சிட்டி என்று எந்தப் பெயரில் வேலை வந்தாலும் முதலில் காலியாவது கீரைக்கூடைதான். நகரத்தின் எதிர்காலம் பற்றிக் குளிரூட்டிய அறையில் கூட்டம் போடுகிறவர்களுக்கு, வீட்டு வாசலுக்கே காய் கொண்டுவருகிறவர் ஏனோ கண்ணில் படுவதில்லை.

தெருவோர வியாபாரிகளுக்காக 2014-இல் வந்த மத்தியச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் (குறித்த இடத்தில் விற்க அனுமதிக்கும் சான்று) கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது.

வம்பே கணக்கெடுப்பில்தான். காலையில் வந்து எண்ணினால் மாலையில் இட்லிக்கடை போடுகிறவர் பட்டியலில் எப்படி வருவார்? கேட்டால், "அடுத்த கணக்கெடுப்பில் பார்க்கலாம்" என்பார்கள். அது 5 ஆண்டுகூட ஆகலாம். ஆனால் இடைப்பட்ட காலத்திலும், இடவசதியைப் பொறுத்து, உள்ளாட்சி அளவில் இதற்கென அமைக்கப்படும் நகர விற்பனைக் குழு சான்றிதழ் தரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. மனு கொடுங்கள். கடையோடு எடுத்த புகைப்படத்தையும் பழைய தரைவாடகை ரசீதுகளையும் இணையுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். நகலில் முத்திரை வாங்காத மனு, கொடுக்காத மனுதான்.

"மகன் வேலைக்குப் போகிறானே" என்றும் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வியாபாரிக்கு வேறு பிழைப்பு இருக்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. மகன் சம்பளம் அதில் இல்லை. குடும்பத்தினர் கடையில் உட்காரலாம். இடத்தை உள்வாடகைக்கு மட்டும் விடாதீர்கள், சான்றிதழே ரத்தாகலாம்.

தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடனுக்கு வாங்கிய பரிந்துரைக் கடிதத்தை லேமினேட் செய்து, அதையே விற்பனைச் சான்றிதழ் என்று நம்பியிருப்பவர்கள் பலர். கடனுக்கு அது போதும். முதல் தவணை இப்போது 15,000 ரூபாய்வரை கிடைக்கும். இடத்துக்கு அது உரிமை தராது.

சான்றிதழ் கொடுத்த பிறகும், அப்புறப்படுத்த 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். "நேற்றே மைக்கில் சொன்னோமே" என்பது 30 நாள் ஆகாது. அந்தக் கெடு முடிந்தும் நகராவிட்டால்தான் பொருளைப் பறிமுதல் செய்யலாம். அப்போதும் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். "வண்டி ஒன்று" என்று ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள். தராசு, படிக்கல், குடை, தார்ப்பாய், கல்லாப்பெட்டி என்று ஒவ்வொன்றும் பட்டியலில் வர வேண்டும். விட்டுப்போனது திரும்பி வராது. கட்டணம் கட்டிக் கேட்டால், அழுகும் பொருளை அன்றே தர வேண்டும், மற்றதை 2 வேலை நாளுக்குள். "திங்கட்கிழமை வா" என்றால் கீரை என்ன ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும். அன்றே எழுத்தில் கேளுங்கள்.

சான்றிதழின் நிபந்தனைப்படி விற்பவரைப் போலீசாரும் தடுக்கக்கூடாது. அது 27ஆம் பிரிவு.

நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அவர்கள் யார், குழு கடைசியாக எப்போது கூடியது, கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். லாரி வருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.