கிழிந்த முழங்கால் ஜவ்வுக்கு ஏன் ஒன்பது மாதம்?

நம் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். லே மோர்ன் கடற்கரையில் கைட்சர்ஃப் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் சறுக்கும் விளையாட்டு) விளையாடிய அவருடைய மகனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்து, செப்டம்பரில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து கோயில் வரை நடந்தே போய்விட்ட பிள்ளையை, ஒன்பது மாதம் நிறையும்வரை பலகையில் ஏறக் கூடாது என்று மருத்துவர் தடுப்பது ஏன் என்று கேட்கிறார். உடைந்த எலும்பே ஆறேழு வாரத்தில் கூடிவிடுகிறதே என்ற அவருடைய வாதத்தில் நியாயம் உண்டு.

மே முதல் அக்டோபர் வரை நம் தீவில் தென்கிழக்கு வியாபாரக் காற்று வலுத்து வீசும். பட்டத்தின் இழுவிசை காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 15 நாட் (கடலில் காற்றின் வேகத்தை அளக்கும் அலகு) காற்று 20 நாட்டாகும்போது இழுப்பு ஏறத்தாழ 78 சதவீதம் உயர்ந்துவிடுகிறது. 2004ஆம் ஆண்டு வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு, 235 விளையாட்டாளர்களைப் பின்தொடர்ந்து, 1000 மணி நேர விளையாட்டுக்கு 7 காயங்கள் என்று கணக்கிட்டது. அவற்றில் பாதமும் கணுக்காலும் 28 சதவீதம், முழங்கால் 13 சதவீதம். கணுக்கால் சுளுக்கு பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். பவளப்பாறைக் கீறலை உடனே நன்றாகக் கழுவிச் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆண்டையே விழுங்குவது முழங்கால்தான்.

உயரத்திலிருந்து இறங்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க, பாதம் பலகையின் வாரில் மாட்டிக்கொண்டிருக்க, பட்டம் உடலை ஒரு பக்கமாக இழுத்தால், முழங்கால் உட்புறமாக மடங்கித் திருகிக்கொள்ளும். கீழ்க்காலெலும்பு முன்னால் வழுக்காமலும் திருகாமலும் பிடித்துவைக்கும், ஏசிஎல் எனப்படும் ஜவ்வு அப்போது அறுகிறது. மூட்டுக்கு வெளியே ஜவ்வு கிழிந்தால் அங்கே இரத்தம் உறைந்து, அந்த உறைவின்மேல் புதுத் திசு வளரும். ஏசிஎல்லோ மூட்டுத் திரவத்தின் நடுவே இருப்பதால், அறுந்த முனைகளை இணைக்கும் உறைவு பெரும்பாலும் நிலைப்பதே இல்லை. ஆகவேதான் மருத்துவர்கள் தொடையின் பின்புறத்திலிருந்து, தசையை எலும்போடு இணைக்கும் ஒரு தசைநாணை எடுத்து, மேலும் கீழும் எலும்பில் துளையிட்டு, அதை மாற்று ஜவ்வாகப் பொருத்துகிறார்கள்.

இதன் பிறகு நடப்பதை மனித உடலின் மிக அழகான பொறியியல் என்றே நான் கருதுகிறேன். பிடுங்கி நடப்பட்ட அந்தத் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் கிடையாது; முதல் சில வாரங்களில் அதன் செல்களில் பெரும்பாலானவை இறந்துபோகின்றன. எஞ்சுவது கொலாஜன் என்ற புரத இழைகளாலான உயிரற்ற சட்டகம். மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்திலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்களும், அவற்றோடு புதிய செல்களும் அந்தச் சட்டகத்துக்குள் ஊர்ந்து நுழைகின்றன. குடியிருந்துகொண்டே வீட்டின் தூண்களை ஒவ்வொன்றாக மாற்றுவதைப் போல, வந்த செல்கள் பழைய இழைகளைக் கரைத்து நீக்கி, மூட்டில் விழும் இழுப்பின் திசைக்கேற்பப் புதியவற்றை நெய்கின்றன. எலும்புத் துளைகளுக்குள்ளோ, ஷார்ப்பி நார்கள் எனப்படும் கொலாஜன் இழைகள் நாணையும் எலும்பையும் கோத்துத் தைக்கின்றன. பழையது கரைந்து புதியது முற்றாத இடைக்காலத்தில், பொருத்திய அன்று இருந்த வலிமையைவிடவும் நாணின் வலிமை குறைந்துவிடுகிறது. விலங்காய்வுகளில் இந்தப் பள்ளம் ஏறத்தாழ ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் விழுகிறது. மனித உடலில் இந்த மாற்றம் இன்னும் மெதுவாக நடந்து, ஓராண்டைத் தாண்டியும் தொடர்கிறது. வீக்கம் வடிந்து, வலி மறைந்து, நடை சீராகும் காலமும், நாணின் வலிமை குறைந்திருக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. நேர்ச்சாலையில் காவடியோடு நடக்கையில் முழங்கால் திருகுவதில்லை. அதனால் அந்த நடை புதிய ஜவ்வைச் சோதிக்கவே இல்லை.

இந்தக் கட்டத்தில் உறவினர் சிலர் எண்ணெய் தேய்த்து முழங்காலை நீவிவிடுபவரிடம் அழைத்துப் போவார்கள். திருஷ்டி கழிப்பதால் ஜவ்வுக்கு நட்டமில்லை. காலை முறுக்கி இழுப்பதால் நட்டம் உண்டு. அறுவைக்குக் கிடைக்கும் பணத்திலும் மதிப்பிலும் சிறு பங்குகூட இயன்முறை மருத்துவத்துக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாளருக்கு மீட்சி கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஒன்பது மாதம் என்ற எண்ணுக்கும் ஆதாரம் உண்டு. ஏசிஎல் அறுவை செய்துகொண்டவர்களை நார்வேயிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வு, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று கண்டது. நாட்காட்டி மட்டும் போதாது. அறுவை நடந்த காலின் முன்தொடைத் தசை, மற்றக் காலின் வலிமையில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும்.

செப்டம்பர் அறுவைக்கு ஜூனில் ஒன்பது மாதம் நிறைவதால், வலிமைச் சோதனையிலும் தேறினால், வாசகியின் மகனுக்கு இந்த ஆண்டின் காற்றுப் பருவத்தில் பெரும்பகுதி மிஞ்சும். முதல் சில வாரங்களில் தாவல்களை விட்டுவிட்டு, 12 சதுர மீட்டர் பட்டத்துக்குப் பதிலாக 9 சதுர மீட்டர் பட்டத்தைக் கட்டிக்கொண்டால், அதே காற்றில் இழுப்பு ஏறத்தாழக் கால்பங்கு குறையும்.