மேன்ஹோலுக்குள் இருக்கும் காற்று

விடுமுறைக்குக் கோத்தகிரி வந்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல்முறையாகக் கப்பலேறப் போகும் அக்கா மகன் நேற்று கேட்டான்: "மாமா, இப்பதான் ட்ரோன் வந்துடுச்சே, டேங்குக்குள்ள ஆள் எதுக்கு இறங்கணும்?"

கப்பல்களை ஆய்வு செய்யும் சர்வேயரான எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. இறங்காமல் முடியும் என்றால் இறங்கவே கூடாது என்பதுதான் என் கட்சி.

நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஏறினால் மூச்சு வாங்கும். ஆனாலும் அங்கே காற்றில் ஆக்சிஜன் கடற்கரையில் உள்ள அதே 20.9 சதவீதம்தான், காற்று மெலிந்திருக்கிறது, அவ்வளவே. கப்பல் நிலைகுலையாமல் இருக்கக் கடல்நீர் நிரப்பும் பாலாஸ்ட் டேங்கில் நடப்பது வேறு. மூடிக் கிடக்கும் டேங்கில் இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்க, ஆக்சிஜனைத் தின்றுவிடும். நாற்றம் இருக்காது, இருமலும் வராது. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏணியில் நிற்பவர் அப்படியே சரிவார். தூக்க ஓடுபவரும் அவர்மேல் சரிவார். இந்த இரண்டாவது சாவைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

நிலக்கரி, தானியம் போன்றவற்றை மூட்டை கட்டாமல் கொட்டி ஏற்றும் ஒரு பழைய பல்க் கேரியரில், டேங்குக்குள் இறங்கும் துளையான மேன்ஹோல் வாயில் ஆக்சிஜன் மீட்டர் 20.9 காட்டியது. இறங்கி, சேற்றில் முட்டி போட்டு மூன்று தடுப்பு தாண்டினேன். மூலையில் இடுப்பில் மாட்டியிருந்த மீட்டர் அலறியது: 18.4. அடிமட்டத்தில் யாரும் அளந்திருக்கவில்லை. வந்த வழியே தவழ்ந்து வெளியே வந்தேன்.

இப்போது அதே மேன்ஹோல் வழியாகக் கூண்டுக்குள் வைத்த ட்ரோனை அனுப்புகிறோம். இரும்புக்குள் ஜிபிஎஸ் எடுபடாது. சுவரில் மோதினாலும் கூண்டு தாங்கும். ஒரு பேட்டரிக்குப் பத்து நிமிடம் போல. விளக்கை நேராக அடித்தால் தகடு மொழுமொழுவென்று தெரியும். பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் துரு அரித்த குழிகள் நிழலோடு எழுந்து நிற்கும். முக்கியமான பகுதிகளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க வேண்டும் என்பது ஆய்வு விதி. அதற்காகவே உயரமான சரக்கு அறைகளில் நாள்கணக்கில் சாரம் கட்டுவார்கள். அந்த வேலை இப்போது வெகுவாகக் குறைகிறது.

சரி, எல்லாவற்றையும் ட்ரோனே செய்துவிடுமா? சேற்றுக்கும் துருப் பொருக்குக்கும் அடியில் அதன் கேமரா பார்க்காது. சந்தேகப்பட்ட இடத்தில் சுத்தியலால் தட்டிக் கேட்க, அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் கனம் அளக்க ஆள் போகத்தான் வேண்டும். ஆனால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறோம். உள்ளே இருக்கும் நேரம் குறைகிறது.

அவனிடம் சொன்னேன்: "உள்ளே இறங்க அனுமதி தர்ற பர்மிட்ல கையெழுத்து ஆகாம இறங்காதே. மேலே, நடுவில, அடியில மூணு இடத்திலயும் அளந்தாங்களான்னு கேளு. உள்ளே ஆள் விழுந்து கிடந்தா அலாரம் அடி. மூச்சுக் கருவி மாட்டாம பின்னாடியே இறங்காதே."

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "இவன் போற கப்பல்ல அந்த மீட்டர் இருக்குமாடா?"

2016 ஜூலை முதல் சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிப்படி கட்டாயம், இருக்கும் என்றேன். சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்களா என்று ஏறிய அன்றே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.