செஸ்டர்ஃபீல்டின் கோணல் கோபுரம்

"இங்கிலாந்தில் ஒரு தேவாலயக் கோபுரம் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறதே, நிஜமா, போட்டோஷாப்பா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நிஜம்தான். டெர்பிஷயரில் செஸ்டர்ஃபீல்ட் நகரின் புனித மேரி ஆலயம் அது. அடியில் இருக்கும் கல் கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 1362 வாக்கில் அதன்மேல் ஓக் சட்டங்களால் கட்டிய எண்பட்டைக் கூம்புதான் 45 பாகை திருகியிருக்கிறது. 228 அடி உயரத்தில் இருக்கும் உச்சி, நடுக்கோட்டைவிட்டு ஒன்பதரை அடி விலகி நிற்கிறது.

இது ஏன் திருகியது என்பதற்கு ஒரு நாட்டுப்புறக் கதை உண்டு: பக்கத்து ஊரான போல்சோவரில் கொல்லன் ஒருவன் சாத்தானுக்கு லாடம் அடித்தபோது ஆணி காலில் இறங்கிவிட, சாத்தான் வலியில் கோபுரத்தை எட்டி உதைத்தானாம். கதை ஜோர். ஆனால் உதைத்தால் ஒடியும், இப்படித் திருகாது.

காரணம் மரத்தில் இருக்கிறது. காயாத பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கும்: செல்லின் குழிக்குள்ளும், செல் சுவருக்குள்ளும். குழியில் உள்ளது முதலில் போகும். எடை குறையும், அளவு மாறாது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும்தான் வேடிக்கை ஆரம்பம். சுவரிலிருந்து நீர் கழலக் கழல, அதிலுள்ள செல்லுலோஸ் இழைகள் ஒன்றையொன்று நெருங்கும். அவை பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுவதால் நீளம் அநேகமாகக் குறையாது, குறுக்களவுதான் குறையும். அதிலும் ஓரவஞ்சனை! ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. அதனால் சதுரமாக அறுத்த சட்டம் காய்ந்ததும் சாய்சதுரமாகிவிடலாம். மரம் வளரும்போதே இழை சற்றுச் சுற்றி ஓடியிருந்தால், சட்டம் முழுவதுமே திருகும்.

சரி, பச்சை ஓக்கில் கட்டுவது அந்தக் காலத்தில் சகஜம். காய்ந்த ஓக் உளிக்கு லேசில் மசியாது. மற்ற கோபுரங்கள் ஏன் திருகவில்லை? மூலைவிட்டச் சட்டங்கள் இறுக்கிப் பிடித்தால் மரத்தின் சேட்டை அடங்கும். இங்கே அவை போதவில்லை. மேலே சுமார் 33 டன் ஈயத் தகடு வேறு. ஈயம் வெயிலில் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். தென்பக்கம் வெயில் அதிகம் என்பதால் விரிவும் அங்கே அதிகம். ஈயம் மென்மையான உலோகம், விரிந்தது முழுசாகப் பழைய இடத்துக்குத் திரும்பாது.

1348-49 பிளேக்கில் கைதேர்ந்த தச்சர்கள் மாண்டதால் வேலை கெட்டது என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனால் செத்தவர்கள் மேல் பழி போடுவது எப்போதுமே சுலபம் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று: கண்ணுக்குத் தெரிவது அத்தனையும் நிஜத் திருகல் அல்ல. ஈயத் தகடுகளை மீன்முள் வாக்கில் சாய்த்துப் பதித்திருப்பதால், கூம்பின் ஒவ்வொரு பட்டையும் இரண்டாக மடிந்ததுபோலத் தோன்றி முறுக்கைக் கூட்டிக் காட்டுகிறது.